ஒரே பையன், மூன்று கொழுப்புக் கணக்கு: எதை நம்புவது?

நாடாக்காரன்:
பையனுக்குப் பத்து வயது. உயரம் 140 செ.மீ., எடை 35 கிலோ, இடுப்புச் சுற்று 63 செ.மீ. நன்றாக ஓடுகிறான், ஆடுகிறான், சட்டையைக் கழற்றினால் மட்டும் வயிறு கொஞ்சம் உருண்டையாகத் தெரியும். சும்மா இருக்க முடியாமல் உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடப் போனேன், அதுதான் வினையாகிவிட்டது. உயரத்தையும் இடுப்பையும் வைத்துப் போடும் ஒரு கணக்கு 25 என்கிறது. பிஎம்ஐயையும் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் எண்) வயதையும் வைத்துப் போடும் இன்னொன்று 17.8 என்கிறது. வீட்டில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் தராசு ஒன்று இருக்கிறது, அது ராத்திரி 21 காட்டியது, காலையில் எழுந்ததும் ஏற்றினால் 24. தூங்கும்போதே மூன்று சதவீதம் ஏறிவிடுமா என்ன? இதற்கு நடுவில் பையன் "அப்பா, நான் குண்டா?" என்று கேட்டுவிட்டான். அதிலிருந்து வீட்டில் எனக்குச் சரியான வசவு. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எது சரி?

மடிப்புமானி:
முதலில் அந்தத் தராசை ஓரமாக வையுங்கள். ஊட்டச்சத்து ஆய்வு ஒன்றுக்காக இரண்டு வருடம் பிள்ளைகளை அளந்துகொண்டு திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கொழுப்பை அளக்கவே இல்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெல்லிய மின்சாரம் அனுப்பி எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கிறது. தசையில் நீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் போகாது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் எழுந்தால் உடம்பில் நீர் குறைவு, தடை கூடுகிறது, தராசு அதைக் கொழுப்பு என்று நினைத்துக்கொள்கிறது. உங்கள் மூன்று சதவீதம் அப்படி வந்ததுதான். கூடவே வந்த கையேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், பல தராசுகளில் இத்தனை வயதுக்குக் கீழே கொழுப்பு அளவு பொருந்தாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

மற்ற இரண்டும் சூத்திரங்கள். 25 சொன்னது 2019இல் வூல்காட், பெர்க்மன் என்ற இருவர் வெளியிட்டது. 8 முதல் 14 வயது வரைக்கும் 74இலிருந்து (22 × உயரம் ÷ இடுப்பு) கழிக்க வேண்டும், பெண்பிள்ளை என்றால் 5 கூட்ட வேண்டும். உங்கள் பையனுக்கு 140 ÷ 63 = 2.22, அதை 22ஆல் பெருக்கினால் 48.9, ஆக 25.1. 17.8 சொன்னது டியூரன்பெர்க் 1991இல் போட்டது, 15 வயது வரைக்கும்: 1.51 × பிஎம்ஐ, அதிலிருந்து 0.70 × வயது கழித்து, ஆண்பிள்ளை என்றால் 3.6 கழித்து, கடைசியில் 1.4 கூட்டல். கணக்கில் நீங்கள் எங்கும் தப்புச் செய்யவில்லை.

குறுக்குக்கேள்வி:
அப்போ இரண்டில் ஒன்று பொய். ஒரே உடம்பில் எப்படி 25உம் 17.8உம் இருக்கும்?

மடிப்புமானி:
பொய் என்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கிற ஒருவரின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நிறுக்க வழியில்லை, அதனால் எல்லாமே மறைமுகக் கணக்குத்தான். டியூரன்பெர்க் நெதர்லாந்தில் 7 முதல் 83 வயது வரை 1,229 பேரைத் தண்ணீருக்குள் முக்கி எடைபோட்டு உடலின் அடர்த்தியைக் கண்டுபிடித்து அதிலிருந்து கொழுப்பைக் கணித்தார். 2019 சூத்திரம் அமெரிக்க தேசியக் கணக்கெடுப்பில் டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்த பிள்ளைகளின் தரவிலிருந்து வந்தது. ஒன்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, இன்னொன்று எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வாத்தியார் வேறு, பிள்ளைகள் வேறு, காலமும் வேறு. அந்த ஏழு புள்ளி வித்தியாசத்தில் பெரும்பங்கு உங்கள் பையனின் உடம்பில் இல்லை, அந்த வாத்தியார்களுக்கு நடுவில் இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்களுக்கான பழைய கணக்கில் கொழுப்பின் அடர்த்தி 0.9, கொழுப்பு நீங்கலான மற்ற உடம்பு 1.1 என்று வைத்துக்கொள்வார்கள். குழந்தைக்கு அந்த 1.1 பொருந்தாது. எலும்பில் தாது இன்னும் முழுக்கச் சேர்ந்திருக்காது, தசையில் நீர் அதிகம், ஆக அடர்த்தி குறைவு. அதைக் கவனிக்காமல் பெரியவர் கணக்கைப் போட்டால் ஒல்லிப் பிள்ளைக்குக்கூடக் கொழுப்புக் கூடுதலாகக் காட்டும். குழந்தைகளுக்குத் தனிச் சூத்திரம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விசில்_வாத்தியார்:
இதில் எல்லாரும் நாடாவையே பிடித்துத் தொங்குகிறீர்களே, தோல்மடிப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டதா? நான் விளையாட்டுப் பயிற்சி தருகிறவன், காலிப்பர், அதாவது தோல்மடிப்பின் தடிமனை அளக்கும் இடுக்கி மாதிரிக் கருவி, அதை வைத்துத்தான் அளப்பேன். மேல்கையின் பின்புறம், தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை எலும்பின் நுனிக்கும் சரிநடுவில் பேனாவால் புள்ளி வைத்து, அதற்கு ஒரு செ.மீ. மேலே கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தோலையும் அதனடியில் உள்ள கொழுப்பையும் சேர்த்துப் பிடித்து இழுத்து, புள்ளியில் காலிப்பரை வைக்க வேண்டும். தசையைப் பிடித்துவிடக் கூடாது. இரண்டு மூன்று விநாடியில் முள்ளைப் படித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு அமுங்கி அளவு இறங்கிக்கொண்டே போகும். அப்புறம் கெண்டைக்காலின் உட்புறம் ஒன்று. இரண்டையும் கூட்டி 1988இல் ஸ்லாட்டர் குழு கொடுத்த சூத்திரத்தில் போட்டால் ஆச்சு: பையன்களுக்கு 0.735 × கூட்டுத்தொகை + 1, பெண்களுக்கு 0.610 × கூட்டுத்தொகை + 5.1. கையில் 11 மி.மீ., காலில் 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 23, பையனுக்கு 17.9 வரும். தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பையே தொட்டுப் பார்க்கிற முறை இது, இடுப்பைச் சுற்றிவிட்டு ஊகிக்கிற வேலை இல்லை.

மடிப்புமானி:
வாத்தியார் சொன்ன முறை சுத்தமாக இருக்கிறது, ஆனால் அவர் கை பழகின கை. நாடாக்காரன் பிளாஸ்டிக் காலிப்பர் ஒன்றை வாங்கி வந்து முதல் நாளே அளந்தால் ஒரே இடத்தில் 9, 13, 11 என்று வரும். முறையான காலிப்பர் எவ்வளவு திறந்தாலும் ஒரு சதுர மி.மீ.க்கு 10 கிராம் என்ற ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும்படி செய்யப்பட்டது, மலிவானவற்றில் அது நம் விரலைப் பொறுத்தது. நாங்கள் களத்துக்குப் போவதற்கு முன்னால் ஒருவர் அளந்ததை இன்னொருவர் பார்க்காமல் அளந்து, இருவருக்கும் ஒத்துப்போகும்வரை விடமாட்டார்கள். எனக்கு அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. நன்றாகப் பருமனான பிள்ளைக்கு மடிப்பே கைக்குள் அடங்காது, அங்கே காலிப்பர் கைவிட்டுவிடும். வயிற்றுக்குள்ளே உறுப்புகளைச் சுற்றி இருக்கும் கொழுப்பை அது பார்ப்பதே இல்லை, உடல்நலக் கேடு என்று பார்த்தால் கவலைப்பட வேண்டியதே அதற்குத்தான்.

குறுக்குக்கேள்வி:
அதைத்தான் நான் சொல்ல வந்தேன். சதவீதம் எதற்கு? இடுப்பு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கிறதா, அவ்வளவுதான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பே 2022இல் இதை எடுத்துக்கொண்டது, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்து. 0.4 முதல் 0.49 வரை பரவாயில்லை, 0.5 முதல் 0.59 வரை கவனிக்க வேண்டும், 0.6 ஆகிவிட்டால் அபாயம் அதிகம். 63 ÷ 140 = 0.45. முடிந்தது கதை. ஒரு கயிற்றில் பையன் உயரத்தை அளந்து வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றினால் போதும், செ.மீ.கூட வேண்டாம். நான் முன்னே ஒரு விவாத இழையில் இதையே சொன்னதற்கு "அறிவியல் தெரியாதவன்" என்றார்கள், இன்னும் மறக்கவில்லை.

மடிப்புமானி:
அறிவியல் தெரியாதவன் என்று சொன்னது நான் இல்லை :) கயிறு நல்ல யோசனைதான். வூல்காட் சூத்திரமும் உள்ளுக்குள் அதே கயிறுதான், இடுப்பை உயரத்தால் வகுப்பதற்குப் பதில் உயரத்தை இடுப்பால் வகுத்துச் சில எண்களை ஒட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து இடம் காட்டுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இடுப்பெலும்பின் உச்சிக்குச் சற்று மேலே. வீட்டில் நாம் தொப்புள் மேலேயோ, கால்சட்டை நிற்கிற இடத்திலோ சுற்றிவிடுகிறோம். உங்கள் பையனுக்கே போட்டுப் பாருங்கள்: 61 என்றால் 23.5, 63 என்றால் 25.1, 65 என்றால் 26.6. நாடா இரண்டு செ.மீ. நகர்ந்ததில் ஒன்றரைப் புள்ளி போய்விட்டது. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால் இன்னும் மோசம், பத்து வயதுப் பையன் கண்டிப்பாக எக்குவான். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும், நாடா தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. அந்தச் சூத்திரம் எந்த இடத்தில் அளந்த இடுப்பிலிருந்து வந்ததோ அதே இடத்தில் அளந்தால்தான் அதைப் போடவே நியாயம்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 15 வயதிலிருந்து 19 வரைக்கும் சூத்திரம் மாறுகிறது: 64இலிருந்து (20 × உயரம் ÷ இடுப்பு) கழித்து, பெண் என்றால் 12 கூட்டல். 165 செ.மீ. உயரம், 75 செ.மீ. இடுப்பு உள்ள ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி அவன் 25.6 சதவீதம், விடிந்தால் 20. இதே அளவுள்ள பெண்பிள்ளை 30.6இலிருந்து 32க்கு ஏறிவிடுவாள்.

நாடாக்காரன்:
கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே ஐந்தரைப் புள்ளி இறங்கிவிட்டதா! நல்ல பிறந்தநாள் பரிசு.

வளர்ச்சிக்கோடு:
சிரிப்பு இருக்கட்டும், அந்தக் குதிப்புக்குப் பின்னால் உண்மை ஒன்று இருக்கிறது, சூத்திரம் அதை ஒரே நாளில் முரட்டுத்தனமாகச் செய்கிறது, அவ்வளவுதான். பருவமடையும்போது பையன்களுக்குத் தசையும் எலும்பும் வேகமாகக் கூடுவதால் கொழுப்பின் பங்கு இறங்கும். பெண்களுக்கு அது ஏறும், ஏறத்தான் வேண்டும். பதின்மூன்று வயதில் ஒருத்தி பருவமடைந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், இன்னொருத்திக்கு இன்னும் தொடங்கியே இருக்காது, இருவரையும் "13 வயது" என்று ஒரே கட்டத்தில் போட்டால் கணக்குத் தடுமாறத்தான் செய்யும். ஸ்லாட்டர் குழுவின் இன்னொரு சூத்திரத்தில், அதாவது கையும் முதுகும் சேர்த்துப் போடுவதில், மெலிந்த பையன்களுக்குப் பருவத்துக்கு முன், நடுவில், பின் என்று தனித்தனி எண் வைத்திருப்பது இதனால்தான்.

அப்புறம் பிஎம்ஐயை எல்லாரும் திட்டுகிறீர்கள், ஆனால் பிள்ளைகளுக்கு அதை வெறும் எண்ணாகப் பார்க்கவே கூடாது, வயதுக்கான வளைகோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறந்த முதல் வருடத்தில் ஏறும், அதற்கப்புறம் குழந்தை நடந்து ஓடி மெலிந்து ஐந்தாறு வயதில் அடிமட்டத்தைத் தொடும், பிறகு மறுபடி ஏறத் தொடங்கும். உங்கள் பையனின் பிஎம்ஐ 17.9, அது பத்து வயதுக்குச் சாதாரணம், உலக சுகாதார நிறுவனத்தின் கோட்டில் நடுப்புள்ளி 16.4, அதிக எடை என்ற எல்லை 18.5. இதே 17.9 ஆறு வயதுப் பையனுக்கு வந்திருந்தால் நான் உட்கார்ந்து பேசுவேன், ஏனென்றால் அந்த வயதுக்கு அதிக எடையின் எல்லை 16.8, உடற்பருமன் எல்லையே 18.5தான். அந்த அடிமட்டத்திலிருந்து மூன்று நான்கு வயதிலேயே ஏறத் தொடங்கிவிட்டால் அதுவும் கவனிக்க வேண்டிய சங்கதி. ஆகவே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் பழைய உயரம், எடைக் குறிப்புகளைத் தேடி எடுங்கள், தடுப்பூசி அட்டையில்கூட இருக்கும்.

விசில்_வாத்தியார்:
பிஎம்ஐ நல்லது என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். என்னிடம் வரும் பதினாறு வயதுப் பையன்கள் சிலர் தோளும் தொடையுமாக இருப்பார்கள், பிஎம்ஐ போட்டால் அதிக எடை என்று வரும், மடிப்பு பிடித்தால் பிடிக்கவே ஒன்றும் இருக்காது. அவர்களை என்ன செய்வது?

வளர்ச்சிக்கோடு:
அவர்களை ஒன்றும் செய்ய வேண்டாம், கண்ணால் பார்த்தாலே தெரியும். எனக்குக் கவலை அதற்கு நேர் எதிரானவர்கள் பற்றி. பிஎம்ஐ "பருமன்" என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் கொழுப்பு அதிகமுள்ள பிள்ளைகளில் கால்வாசிப் பேரையாவது அது தவறவிட்டுவிடும். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால், தசை குறைவு. தெற்காசிய வம்சாவளிப் பிள்ளைகளில் இது கூடுதல், அதே பிஎம்ஐயில் கொழுப்பு அதிகமாக இருக்கும். கறுப்பினப் பிள்ளைகளில் அதே பிஎம்ஐயில் குறைவாக இருக்கும். 2019இல் பிரிட்டனில் 4 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சூத்திரம் போட்டபோது உயரம், எடை, வயது, பாலினத்தோடு இனப்பிரிவையும் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு நிஜமாகவே உதவும், குறுக்குக்கேள்விக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிடலாம்.

எடையை உயரத்தின் இருமடிக்குப் பதில் மும்மடியால் வகுக்கும் குறியீடு ஒன்றும் உண்டு. எடை ÷ (உயரம் × உயரம் × உயரம்), உங்கள் பையனுக்கு 12.8 வரும். வளரும் வயதில் அது பிஎம்ஐ அளவுக்கு வயதோடு சேர்ந்து ஓடாது, பதின்ம வயதினருக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

பழைய_பத்தாம்வகுப்பு:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பதின்மூன்று வயதில் எங்கள் வகுப்பில் காலிப்பர் கொண்டுவந்து எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துக் கையைப் பிடித்து அளந்தார்கள். அளந்தவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதினார். என் எண் 24. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரிந்திருக்குமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது, அது மி.மீ.ஆ சதவீதமா என்றுகூட யாரும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க என் பெயர் இருபத்திநாலு. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைக்கப் பழகியது அப்போதுதான், அதிலிருந்து வெளியே வர எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. பருவமடையும்போது பெண்களுக்குக் கொழுப்பு ஏறத்தான் வேண்டும் என்று மேலே ஒருவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நாடாக்காரன், உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

விசில்_வாத்தியார்:
அம்மா, இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை. நானும் வரிசையில்தான் அளந்துகொண்டிருந்தேன். சத்தமாகச் சொல்வதும் உண்டு, எழுதுகிறவனுக்குக் கேட்க வேண்டுமே என்று. அடுத்த முறை தனி அறையில், ஒவ்வொருவராக. எண்ணைத் தாளில் நானே குறித்துக்கொள்கிறேன்.

நாடாக்காரன்:
இல்லை, "இல்லைடா, சும்மா ஒரு கணக்கு" என்று மழுப்பிவிட்டேன். நேற்று உட்காரவைத்துப் பேசினேன். நாடாவை அவன் கையில் கொடுத்து என்னை அளக்கச் சொன்னேன். 98 வந்தது, என் உயரம் 170. பாதிக்கு மேலே எவ்வளவு என்று அவனே கழித்துப் பார்த்து "பதிமூணு அதிகம்ப்பா" என்றான். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. கயிற்றுக் கணக்குப்படி மருத்துவரைப் பார்க்க வேண்டியவன் நான்தான் போல.

குறுக்குக்கேள்வி:
0.576. ஆமாம், நீங்கள்தான்.

நாடாக்காரன் (மூன்று மாதம் கழித்து):
யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா தெரியவில்லை. தடுப்பூசி அட்டை, பள்ளி அட்டை எல்லாம் தேடி எடுத்து வளைகோட்டில் புள்ளி வைத்தேன், மூன்று வயதிலிருந்தே நடுக்கோட்டுக்கும் அதிக எடைக் கோட்டுக்கும் நடுவிலேயே ஒரே சீராகப் போகிறது. மறுபடி ஒருமுறை, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, காலையில், எக்க விடாமல் அளந்தேன். உயரம் 141.5, எடை 36, இடுப்பு அதே 63. ஆசை விடவில்லை, இரண்டு சூத்திரத்திலும் போட்டேன். வூல்காட் 25.1இலிருந்து 24.6க்கு இறங்கிவிட்டது என்கிறது. டியூரன்பெர்க் 17.8இலிருந்து 18க்கு ஏறிவிட்டது என்கிறது.

மடிப்புமானி:
ஹா ஹா. இடுப்பு மாறாமல் உயரம் மட்டும் கூடினால் முதல் சூத்திரத்துக்கு அவன் மெலிந்துவிட்டான். எடை ஒரு கிலோ கூடியதால் இரண்டாவதுக்கு அவன் பருத்துவிட்டான், அந்த ஒரு கிலோவில் எலும்பு எவ்வளவு தசை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. இரண்டு மாற்றமுமே சூத்திரத்தின் பிழைக்குள் அடங்கிப்போகும், டியூரன்பெர்க்கில் பிள்ளைகளுக்கு நான்கு புள்ளி முன்பின் சாதாரணம். வேறு என்ன மாற்றம் தெரிகிறது?

நாடாக்காரன்:
கால்சட்டை எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. இடுப்பில் மட்டும் சரியாக இருக்கிறது.